சங்கிலியை இழுத்தது நான்தான்

மைசூரு, சரஸ்வதிபுரம்,
ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி தம்பி ராமசேஷனுக்கு, அக்கா சீதாலக்ஷ்மி மனமார ஆசீர்வாதம் செய்து எழுதுவது. நீயும், உன் ஆத்துக்காரியும், அவள் முழங்கால் இரண்டும் சௌக்கியமாக இருக்கப் பகவானை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்; பேனா மறுத்துவிட்டது. இதை ஏன் தபாலில் எழுதுகிறேன் என்று நீ நினைக்கலாம். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவாய். ரயில்வேயில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டுத் திருச்சியில் உட்கார்ந்திருக்கும் நீ, தினமும் பொழுது விடிந்ததும் எனக்குப் பளபளவென்று ஒரு புது ரயில் படம் அனுப்புகிறாய். மூக்கு நீளமாக, கண்ணாடி போட்டு, காலியாக இருக்கிறது ஒவ்வொரு ரயிலும். காலியான ரயிலைப் படத்தில் மட்டும்தான் பார்க்க முடியும் என்று தெரிந்துதான் அனுப்புகிறாய் போலிருக்கிறது.

போன வருஷம் எங்கள் குழந்தை அக்ஷதாவுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தபோது, அங்கே வீட்டு வாடகையைக் கேட்டு நாங்கள் மலைத்து நின்ற நேரத்தில், போனில் நீ என்ன சொன்னாய்? "மைசூர்லேர்ந்து பெங்களூர் ஒரு தூரமா அக்கா? பேப்பரைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள ஊர் வந்துடும்" என்றாய். பேப்பரைப் படிக்க முதலில் அதைப் பிரிக்க வேண்டும் தம்பி. பிரிக்க இரண்டு கையும் வேண்டும். அந்தக் காலை வண்டியில் ஏறுகிறவர்களுக்கு ஒரு கை மேலே கம்பியில், இன்னொரு கை யார் முதுகுக்கும் யார் பைக்கும் நடுவிலோ, அது பெங்களூர் எல்லையில் கெங்கேரி வந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். உன் பேச்சைக் கேட்டுக் குழந்தைக்கு சீசன் டிக்கெட் எடுத்தோம். சீசன் டிக்கெட் என்றால் நிற்பதற்கான அனுமதி என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. வேறு ஊரிலிருந்து வரும் வண்டி தாமதமானால் ஒரு நியாயம் உண்டு. இது இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊர் யார்டிலேயே குளித்துவிட்டு, இந்த ஊர் பிளாட்பாரத்துக்கே தினமும் தாமதமாக வருகிறது. ஏன் என்று கேட்டால் சிக்னல் என்கிறார்கள். சிக்னலைக் கேட்டால் அது பேசாது என்ற தைரியம்.

இதெல்லாம் அக்ஷதா சொல்லி எங்களுக்குத் தெரியும். அவளும் இந்த ஊரில் வளர்ந்தவள் அல்லவா, எதையும் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி", கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். உன் அத்திம்பேருக்குத்தான் ஒரு நாள் திடீரென்று பிள்ளைப் பாசம் பொங்கிவிட்டது. அவள் எப்படித்தான் போகிறாள் பார்க்கலாம் என்று கூடவே ஏறினார். சாயங்காலம் திரும்பி வந்தபோது அவருடைய மூக்குக்கண்ணாடியில் ஒரு கண் மட்டும் இருந்தது. சட்டைப் பொத்தான்கள் யாருக்கோ போய்விட்டன. பதிலுக்கு யாருடையதோ ஒரு குடை கைக்கு வந்திருந்தது. வந்ததும் வராததுமாகக் கூடத்தில் நின்று, "சீதா, இதை நான் விடப்போறதில்லை. சங்கம் ஆரம்பிக்கப்போறேன்" என்றார். முப்பத்தைந்து வருஷம் அரசாங்க ஆபீசில் இருந்து, ஒரு நாள்கூட மேலதிகாரி முன்னால் நிமிர்ந்து பார்க்காத மனுஷர்! நான் ரசம் கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டேன். அங்கே நின்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனை தூரம் வந்திருக்காது.

சங்கம் பிறந்தது. வண்டியில் தினமும் போகிற ஜனங்களெல்லாம் கையெழுத்துப் போட்டார்கள். தலைவர் யார் என்று கேட்டபோது, அவர்களுக்கெல்லாம் மறுநாள் வேலைக்குப் போக வேண்டியிருந்ததால், வேலையில்லாத உன் அத்திம்பேர் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மண்டி மொஹல்லா சந்துக்குள் புகுந்து பேனர் அடித்துக்கொண்டு வந்தார். அதில் சங்கத்தின் பெயரை விட அவர் படம் பெரிதாக இருந்தது. முதல் மனு, வண்டி நேரத்துக்கு வர வேண்டும் என்று. ரயில் அதிகாரிகள் பரிவோடு பரிசீலித்தார்கள். அடுத்த மாதமே புது அட்டவணை போட்டார்கள். வண்டி கெங்கேரிக்கு எப்போது தாமதமாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்ததோ, அதையே சரியான நேரம் என்று அச்சடித்துவிட்டார்கள்! அதற்கு முன்னால் தவறிப்போய் வேகமாக வந்துவிட்டால்? வழியில் பிடதி ஸ்டேஷனில் நிறுத்தி வைக்கிறார்கள். நேரம் கனியும் வரை அத்தனை ஜனமும் வேர்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஸ்டேஷனில் "நூற்றுக்கு நூறு நேரம் தவறாமை" என்று போர்டு வேறு. உன் அத்திம்பேர் பாயசம் வைக்கச் சொன்னார். அக்ஷதாதான், "அப்பா, வண்டி டைமுக்கு வரலை. டைம்தான் லேட்டாயித்து" என்றாள். அவர் காதில் விழவில்லை. பாயசத்துக்கு முந்திரி போதாது என்றார்.

இரண்டாவது மனு, வண்டியில் இடம் போதவில்லை என்று. இதற்கும் உடனே நடவடிக்கை எடுத்தார்கள். ஒரு பெட்டி கூடுதலாகச் சேர்ப்பார்கள் என்றுதானே நீயும் நானும் நினைப்போம்? இரண்டு பெட்டிகளில் பாதி சீட்டைப் பிடுங்கி எறிந்தார்கள். ஒருவர் உட்காரும் இடத்தில் மூன்று பேர் நிற்கலாமாம். ஆகவே வண்டியின் கொள்ளளவு உயர்ந்துவிட்டதாம். தம்பி, நீ ரயில்வேக்காரன், எனக்கு ஒன்று சொல்லு. இந்தக் கணக்குப்படி உட்காருகிறவர்களையும் இறக்கிவிட்டால் கொள்ளளவு இன்னும் கூடுமே, அதை ஏன் அவர்கள் செய்யவில்லை? உன் அத்திம்பேர் இதையும் வெற்றி என்று சொல்லிக்கொண்டு தெரு முழுக்கச் சுற்றினார். முன்பு உட்கார்ந்து போய்க்கொண்டிருந்த நாலு பேர் அவரைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் தாண்டிப் போனார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஒரு பெரிய அதிகாரி நேரில் வந்து, அந்த வண்டியில் தானே மாண்டியா வரை பிரயாணம் செய்து, குறை கேட்கப்போவதாகச் செய்தி வந்தது. அவர் வருகிற அன்றைக்கே அக்ஷதாவுக்கு ஆபீசில் வேலையை நிரந்தரம் செய்வதற்கான பேட்டி. ஏற்கெனவே தாமதமாக வந்ததற்கு அவளிடம் இரண்டு தரம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். "அம்மா, அன்னைக்கு மாத்திரம் லேட்டானா ப்ரொபேஷன் கோவிந்தா" என்று குழந்தை ராத்திரிச் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. தகப்பனாருக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது? "பெரியவர் வரார் சீதா. மகளிர் அணின்னு ஒண்ணு வேண்டாமா? நீ கேசரி பண்ணிண்டு வா" என்றார். மகளிர் அணி என்றால் நான் ஒருத்தி, ஒரு தூக்குப் பாத்திரம். விடியற்காலையிலேயே என்னையும் பேனரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அக்ஷதா குளித்துவிட்டு வந்து, "நானும் இப்பவே வரட்டுமாப்பா?" என்று கேட்டாள். "நீ எதுக்கு அங்க வந்து காத்திண்டிருக்கணும்? அது என்னிக்கு நேரத்துக்குக் கிளம்பித்து? மெதுவா டிபன் சாப்ட்டுட்டு வா" என்றார் சங்கத் தலைவர். இந்த வாக்கியத்தை அவர் சமாதியில் பொறிக்கச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஸ்டேஷனில் போய்ப் பார்த்தால், இது நம்ம வண்டிதானா என்று எனக்கே சந்தேகம். கழுவித் துடைத்து வாசனை தெளித்திருக்கிறார்கள். பிடுங்கின சீட்டெல்லாம் முளைத்திருக்கின்றன. பின்னால் இரண்டு பெட்டி கூடுதல். எல்லா மின்விசிறியும் சுற்றுகிறது. அதைவிட ஆச்சரியம், வண்டி நேரத்துக்கு முன்னாலேயே பிளாட்பாரத்தில் வந்து நிற்கிறது! அதிகாரி நாலு உதவியாளர்களோடு வந்து ஜன்னலோரமாக உட்கார்ந்தார். உன் அத்திம்பேர் மாலையைப் போட்டார். அதிகாரி கன்னடத்தில்தான் பேசினார், உனக்காகத் தமிழில் எழுதுகிறேன். "சொல்லுங்கள், என்ன குறை?" என்றார். ஒரு வருஷமாகக் கூடத்தில் நின்று சுவரைப் பார்த்துக் கர்ஜித்த வார்த்தைகளெல்லாம் இதோ வெளியே வரப்போகின்றன என்று பார்த்தேன். உன் அத்திம்பேர் முதுகு வளைந்தது. இரண்டு கையும் வயிற்றுக்கு வந்தது. "குறைன்னு ஒண்ணும் இல்லை சார். தங்கள் ஆட்சியில் எல்லாம் திவ்யமாயிருக்கு சார்" என்றார். பக்கத்தில் நின்ற பத்திரிகைக்காரர் உடனே படம் எடுத்துக்கொண்டார்.

அதிகாரி பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். எங்களைத் தவிர அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பேர். "கூட்டம் கூட்டம் என்று மனு கொடுத்தீர்களே, எங்கே கூட்டம்?" என்று கேட்டார். தலைவர் பல்லைக் காட்டினார். கூட்டம் எங்கே இருக்கும்? வண்டி எப்போது புறப்படும் என்று வருஷக்கணக்காகப் பழகின ஜனங்கள் அந்தக் கணக்குக்குத்தானே வீட்டை விட்டுக் கிளம்புவார்கள்? அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். அதிகாரி வருகிற தினம் அல்லவா, அட்டவணையில் போட்ட நேரத்துக்கே வண்டி நகர்ந்தது. அதிகாரி உதவியாளரிடம், "கூடுதல் பெட்டி தேவையில்லை. இருப்பதிலேயே இரண்டைக் குறைக்கலாம், எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். அந்த நேரத்தில் நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். மேம்பாலத்துப் படிக்கட்டு முழுக்க ஜனம். சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். அவர்கள் நடுவில் அக்ஷதா. பேட்டிக்கென்று புடவை கட்டிக்கொண்டிருந்தாள், பாவம், அது தடுக்கி விழுந்து எழுந்து ஓடி வருகிறாள். "ஏன்னா, அக்ஷதா! குழந்தை வரா! நிறுத்தச் சொல்லுங்கோ!" என்று கத்தினேன். அவர், "உஷ், சார் பேசிண்டிருக்கார்" என்றார்.

எனக்கு அறுபத்து மூன்று வயசாகிறது. இதுவரை எதையும் இழுத்தவளில்லை. கேசரிப் பாத்திரத்தை அதிகாரி மடியில் வைத்துவிட்டு, சீட்டின் மேல் ஏறி நின்று, இரண்டு கையாலும் அந்தச் சிவப்புச் சங்கிலியைப் பிடித்துத் தொங்கினேன்.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. போலீஸ்காரர் ஓடி வந்து, யார் இழுத்தது என்று அதட்டினார். "நான்தான். இறங்கறதுக்குக் கை குடுங்கோ" என்றேன். அதிகாரிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "யார் இந்த அம்மாள்?" என்று உன் அத்திம்பேரைக் கேட்டார். நாற்பது வருஷம் என் கையால் சாப்பிட்ட மனுஷர் என்னை ஒரு தரம் பார்த்தார், அதிகாரியை ஒரு தரம் பார்த்தார், "மகளிர் அணி சார்" என்றார்.

போலீஸ்காரர் என் பெயரைக் கேட்டு எழுதத் தொடங்குவதற்குள், படிக்கட்டில் இருந்த ஜனமெல்லாம் வண்டிக்குள் வந்துவிட்டது. அப்புறம் அவர் பேனா எங்கே போனதென்று அவருக்கே தெரியாது. அக்ஷதா எப்படியோ என் தோளுக்குப் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள். மூச்சு வாங்கிக்கொண்டே, "நீயாம்மா இழுத்தே?" என்றாள். ஆமாம் என்றேன். குழந்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். மனு எழுதிக் கொடுத்துக் கொடுத்தும் பார்க்காததை அதிகாரி இப்போது நேரில் பார்த்தார். பார்ப்பதென்ன, அவர் தோள் மேல் ஒருவர் தலை, அவர் தலை மேல் ஒருவர் பை. பாண்டவபுரா வரைக்கும் கம்பீரமாக இருந்தார். மாண்டியாவில் அவர் இறங்க வேண்டும். பிளாட்பாரத்தில் மேளமும் பூரண கும்பமுமாக வரவேற்பு நிற்கிறது. இவர் எழுந்தார், ஓர் அடி எடுத்து வைத்தார், எதிரே பாப்பாத்தி என்று ஒருத்தி ஏறினாள். தமிழ்நாட்டு எல்லையில் ஹனூர்ப் பக்கத்துக்காரி, மாண்டியாவில் குடியிருந்துகொண்டு பெங்களூரில் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்க்கிறாள். நல்ல ஆகிருதி. அவள் பின்னால் இன்னும் அறுபது பேர். "அக்கட்டால போங், அக்கட்டால போங்" என்று எல்லோரையும் தள்ளிக்கொண்டு அவள் முன்னேறின வேகத்தில் அதிகாரி திரும்ப ஜன்னலுக்கே வந்து சேர்ந்தார்.

"நான் இறங்கணும்மா" என்றார் அவர் கன்னடத்தில்.

"எறங்கற ஆளு ஏனுங் ஏறுனீங்?" என்றாள் பாப்பாத்தி தமிழில்.

வண்டி நகர்ந்தது. வரவேற்புக் குழு இன்னும் வாசிப்பதை நிறுத்தவில்லை. அதிகாரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தனக்கான மேளம் தன்னை விட்டுத் தள்ளிப் போவதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பாப்பாத்தியிடம், "தினமும் இப்படித்தான் வருவாயா?" என்று மெதுவாகக் கேட்டார். "பின்னென்ன, எங்களுக்கு வயிறு வாரத்துக்கு ஒருக்காவா பசிக்குதுங்?" என்றாள் அவள். நான் விடவில்லை. "சார், உங்களாலதான் என் பொண்ணு இன்னிக்கு லேட். அவ மேனேஜர்கிட்ட நீங்களே சொல்லுங்கோ" என்று அக்ஷதாவின் போனை அவர் காதில் வைத்தேன். கையை எடுத்துப் பிடிக்க அவருக்கு இடமில்லை. மனுஷர் மரியாதையாகத்தான் பேசினார். அந்தப் பக்கத்திலிருந்து மேனேஜர் அம்மாள், "போன மாசம் சிக்னல், அதுக்கு முன்னாடி தண்டவாளத்துல மாடு, இப்ப ரயில்வே அதிகாரி மாதிரி பேசறதுக்கு ஆள் வேற வெச்சுட்டியா அக்ஷதா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். சென்னபட்டணாவில் அதிகாரியை அவசர ஜன்னல் வழியாகக் கால் முன்னால் விட்டு இறக்கினோம். பாப்பாத்திதான் இடுப்பைப் பிடித்தாள்.

சங்கிலியாலும் சென்னபட்டணா ஜன்னலாலும் வண்டி பின்தங்கி, அக்ஷதா ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது பேட்டி நேரம் தாண்டிவிட்டது. மேனேஜர் அம்மாள் போனில் வண்டி நிலவரத்தை எடுத்துக் காட்டினாளாம். "சரியான நேரம்" என்று பச்சையில் இருந்ததாம். அதிகாரி ஏறின வண்டி தாமதமாகுமா? ஏட்டில் ஆகவில்லை. ப்ரொபேஷனை இன்னும் மூன்று மாதம் நீட்டிவிட்டார்கள். குழந்தை வீட்டுக்கு வந்து அழக்கூட இல்லை, புடவையைக்கூட மாற்றாமல் படுத்துக்கொண்டாள். அதுதான் எனக்கு நெஞ்சை அறுக்கிறது. மறுநாள் பேப்பரில், "ரயில் சேவையில் பயணிகளுக்கு முழுத் திருப்தி: சங்கத் தலைவர் பேட்டி" என்று உன் அத்திம்பேர் வளைந்து நிற்கிற படத்தோடு வந்தது. அதிகாரி பட்ட பாட்டுக்கு ஏதாவது பலன் இருக்கும் என்று நினைத்தேன். அறிக்கையை முதல் நாளே அடித்து வைத்திருந்தார்களாம், வண்டியில் எழுதிக்கொள்ளச் சொன்னது ஒப்புக்குத்தானாம். இரண்டு பெட்டி குறைகிறது.

ஆகவே தீர்மானமாகச் சொல்கிறேன். சங்கத்தை நேற்றோடு கலைத்தாயிற்று. பேனரைக் கிழித்து மாவு மிஷினுக்குப் போகும் பைக்கு உறை தைத்துவிட்டேன். நாளைக்கு அக்ஷதாவைப் பெங்களூரில் ஒரு பெண்கள் விடுதியில் சேர்க்கப்போகிறோம். இந்த வீட்டில் இனி ரயில் என்ற சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது. நீ தீபாவளிக்கு வருவதாக இருந்தால் பஸ்ஸில் வா, அல்லது நடந்து வா. உன் ரயில் படங்களை நிறுத்து. உன் ஆத்துக்காரிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். எல்லோரும் தீர்க்காயுசாக, அவரவர் ஊரிலேயே வேலை கிடைத்து, அவரவர் வீட்டிலேயே உட்கார இடம் கிடைத்து, சுகமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அக்கா,
சீதாலக்ஷ்மி

பி.கு.: தபாலில் போடுவதற்குள் செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது. அக்ஷதா விடுதியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள். தீப்பெட்டி மாதிரி அறைக்குள் ஆறு கட்டிலாம். "அதுக்கு ட்ரெயினே தேவலைம்மா, அதாவது நகரும்" என்கிறாள். நேற்றுச் சாயங்காலம் வண்டி ஜனங்கள் திரண்டு வீட்டுக்கு வந்தார்கள். உன் அத்திம்பேர் அடி விழப்போகிறது என்று பூஜை அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வந்தவர்கள் அவரைத் தேடவே இல்லை. பாப்பாத்தி கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "சங்கத்தைக் கலைக்கறதாவது? எங்களுக்குச் சங்கிலியம்மாதானுங் தலைவரு" என்றாள். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே எல்லோருக்கும் காபி கொடுத்தேன். காபி முடிவதற்குள் தலைவராகிவிட்டேன். எனக்கும் சீசன் டிக்கெட் எடுத்தாயிற்று. அடுத்த திங்கட்கிழமை ஜனங்களோடு அந்த அதிகாரியின் ஆபீசுக்கே போகிறோம். பெட்டி இரண்டையும் திரும்ப வாங்காமல் வரப்போவதில்லை. ரயில்வே பாஷை தெரிந்த ஆள் ஒருத்தன் எனக்குப் பக்கத்தில் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையே புறப்பட்டு வா. பஸ் வேண்டாம். பெங்களூரில் இறங்கிச் சாயங்கால வண்டியைப் பிடி. யாராவது எழுந்து இடம் கொடுத்தாலும் உட்காராதே, மைசூரு வரைக்கும் நின்றுகொண்டே வா. அப்போதுதான் திங்கட்கிழமை உனக்கு வேண்டிய கோபம் இருக்கும்.